ஸ்ட்ரட் பார் மாட்டினால் கார் வளைவில் நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி ஓடுமே, சிவப்பிலோ நீலத்திலோ பளபளவென்று, அதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். பாளையங்கோட்டையில் என் பழைய ஹேட்ச்பேக்கில் அதை மாட்டிய நாள் முதல் பட்டறையிலும் தெருவிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஆள்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. இயந்திரவியல் படித்தவன், கார் பைத்தியம், அவ்வளவுதான்.

அந்தக் கம்பி எதை எதோடு இணைக்கிறது?

முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டுக்கு ஸ்ட்ரட் என்று பெயர். அதன் தலை, பானட்டுக்குக் கீழே பாடியில் இருக்கும் ஒரு மேட்டில் போய் உட்காரும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதைத்தான் ஸ்ட்ரட் டவர் என்கிறார்கள். இந்த இரண்டு டவர்களுக்கும் நடுவே போல்ட் போட்டு மாட்டும் கம்பிதான் ஸ்ட்ரட் பார். சிலர் பிரேஸ் என்பார்கள். இரண்டும் ஒன்றே.

எல்லாக் காரிலும் இது ஒரே வேலையைச் செய்யுமா?

செய்யாது. பாதிப் பேர் ஏமாறுவதே இந்த இடத்தில்தான்.

நம் தெருவில் நிற்கும் சின்னக் கார்களில் அநேகமாக எல்லாமே, ஸ்விஃப்ட், ஐ20, போலோ உள்பட, முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் கொண்டவை. ஃபோர்டில் வேலை பார்த்த ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளரின் பெயரில் வந்த அமைப்பு இது. 1950இல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சல் காரிலேயே இது இருந்தது. இதில் சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கை கீழே மட்டும்தான், மேலே தனிக் கை கிடையாது. சக்கரம் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் ஸ்ட்ரட்டே பார்க்கிறது. அதனால் அதன் தலைக்கு மேலிருந்து கீழாக வரும் பாரத்தோடு பக்கவாட்டுத் தள்ளலும் சேர்ந்து வரும்.

டபுள் விஷ்போன் அமைப்பில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை இருக்கும். பக்கவாட்டு விசையை அந்த இரண்டு கைகளும் வாங்கி, பாடியில் தாங்கள் மாட்டியிருக்கும் இடத்தில் இறக்கிவிடும். ஷாக்கின் தலைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் மேலும் கீழுமான பாரம்தான். 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இப்படிப்பட்டது, 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரும் இப்படித்தான். இந்தக் கார்களில் ஷாக்கின் தலையோடு தலையைக் கம்பியால் கட்டிக் கிடைப்பது சொற்பம். போர்ஷே 911கூடப் பல வருடம் முன்பக்கம் ஸ்ட்ரட்டோடு ஓடிவிட்டு, 2021இல் வந்த ஜிடி3 மாடலில்தான் டபுள் விஷ்போனுக்கு மாறியது.

ஆகவே பார் வாங்கும் முன் பானட்டுக்குள் பார்த்தால் போதாது. வண்டியைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னாலும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

சரி, மெக்ஃபெர்சன்தான். வளைவில் டவர் இரண்டும் விலகும், பார் அதைத் தடுக்கும், அப்படித்தானே?

கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நடப்பது வேறு.

இடது பக்கம் திரும்பும் ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். ரோடு இரண்டு டயர்களையும் இடது பக்கமாகத் தள்ளுகிறது. ஸ்ட்ரட் ஒரு நெம்புகோல். அதன் அடிப்பகுதி கீழ்க் கையில் பிடிபட்டிருக்கிறது. பிடிக்குக் கீழே டயர் இடது பக்கம் போனால் பிடிக்கு மேலே தலை வலது பக்கம் போகப் பார்க்கும். இது இரண்டு சக்கரங்களுக்கும் பொருந்தும். அதாவது இரண்டு டவர்களையும் இந்த விசை ஒரே பக்கமாகத்தான் சாய்க்கிறது.

கல்யாணப் பந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கால் நட்டு மேலே குறுக்குக் கம்பு மட்டும் கட்டினால், ஒரு காற்று அடித்ததும் பந்தல் மொத்தமாக ஒரு பக்கம் சாயும். மேல் கம்பு அறுவதில்லை, வளைவதும் இல்லை. கால்களோடு சேர்ந்து அதுவும் சாய்ந்து போகிறது. அதனால்தான் பந்தல்காரர் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கம்பு கட்டுகிறார். நம் ஸ்ட்ரட் பார் அந்த மேல் கம்பு. சாய்வுக் கம்பு அல்ல.

அப்படியென்றால் பார் சும்மாவா? முழுக்கச் சும்மா என்று சொல்ல முடியாது. வெளிப்பக்கச் சக்கரத்தில் பாரம் அதிகம், உள்பக்கத்தில் குறைவு. அதனால் ஒரு டவர் மற்றதைவிடக் கூடுதலாக நகரப் பார்க்கும். பார் இருந்தால் அந்த வேறுபாட்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்புறம், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்தப் பக்கத்து டவர் உள்பக்கமாகத் தள்ளப்படும். அங்கே பார் நேராக அமுங்கி வேலை செய்கிறது. சொல்லப்போனால் கம்பிக்கு நல்ல வேலை வளைவில் இல்லை, குழியில்தான்.

ஃபயர்வாலோடு மூன்றாவது புள்ளியில் பிடிக்கும் பார் வருகிறதே?

அதுதான் பந்தல்காரரின் சாய்வுக் கம்பு. ஃபயர்வால் என்பது இன்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவர். இரண்டு டவர்களிலிருந்தும் சாய்வாக வந்து அந்தச் சுவரில் பிடிக்கும்போது முக்கோணம் உருவாகிறது. முக்கோணம் சாயாது. டொயோட்டா ஜிடி86 காரிலும் அதன் உடன்பிறப்பான சுபாரு பிஆர்இசட்டிலும் கம்பெனியே டவரிலிருந்து சுவருக்குச் சாய்வாகக் கம்பி போட்டுத் தருவது இதற்காகத்தான்.

ஆனால் சுவரில் பிடிக்கும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். வெறும் தகட்டில் துளை போட்டு ஒட்டவைத்தால் தகடுதான் வளையும்.

கம்பெனியே போடுகிறது என்றால் நல்லதுதானே?

எந்தக் காரில், எதற்காகப் போடுகிறார்கள் என்று பாருங்கள். பழைய ஃபோர்டு மஸ்டாங் நல்ல உதாரணம். நீண்ட மூக்கு, உள்ளே பெரிய இன்ஜின், அதன் பாரத்தைச் சுமக்கும் டவர்கள் சுவரைவிட்டுத் தள்ளி நிற்கும். வயதாக ஆக அந்த டவர்கள் உள்பக்கமாகச் சரிவது அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வியாதி. 1965இல் வந்த ஷெல்பி ஜிடி350 மாடலில் டவரையும் டவரையும் கட்ட ஒரு கம்பி, டவர்களைச் சுவரோடு கட்ட ஒரு பிரேஸ் என்று இரண்டுமே இருந்தன. இரண்டாவதற்கு எக்ஸ்போர்ட் பிரேஸ் என்றே பெயர். மோசமான ரோடுள்ள நாடுகளுக்கு அனுப்பும் வண்டிகளுக்காகச் செய்தது. அதாவது நம்மைப் போன்றவர்களுக்காக!

இ46 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 காரிலும் கம்பெனி பார் உண்டு. நிசான் 350இசட் காரில் பின்பக்கத்தில் ஒரு தடித்த கம்பி டிக்கிக்குக் குறுக்கே ஓடி, பெட்டி வைக்கும் இடத்தையே சாப்பிட்டுவிடும்.

நம் சின்ன ஹேட்ச்பேக்குகளில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, மூக்கு குட்டை. டவர்கள் ஏறக்குறைய சுவரை ஒட்டியே நிற்கின்றன. வைப்பர் மோட்டார் இருக்கும் அந்தப் பெட்டி போன்ற தகடு இரண்டு டவர்களையும் பின்னாலிருந்து ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கும்போதே உள்ளே ஒரு பார் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

மொத்த சேஸிஸ் விறைப்பு எவ்வளவு கூடும்?

இந்தக் கேள்விக்கு நார்க்கட்டில்தான் பதில். வீட்டில் இருந்தால் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். சட்டம் முறுக்கிக்கொள்ளும், மற்ற மூலை தரையிலேயே இருக்கும். இப்போது தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் ஒரு கம்பால் இணைத்துக் கட்டுங்கள். மறுபடி தூக்குங்கள். முறுக்கு குறைந்ததா? குறையாது. முறுக்கு தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நீங்கள் கட்டியது தலைமாட்டுக்குள்ளேயே.

கார் பாடியின் முறுக்கு விறைப்பை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள், ஒரு டிகிரி திருக எவ்வளவு வேண்டும் என்று. 10,000 என்றால், காரின் பின்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்தில் ஒரு மீட்டர் நீளக் கம்பை நீட்டி, அதன் நுனியில் ஏறக்குறைய ஒரு டன் எடையைத் தொங்கவிட்டால் பாடி ஒரு டிகிரி திருகும். கூரையில்லாத பழைய கார்கள் சில ஆயிரத்திலேயே நின்றுவிடும். இன்றைய மூடிய கார்களில் 20,000, 30,000 எல்லாம் சாதாரணம். சாதாரண ரோட்டில் வேகமாக வளைத்தாலும் அந்தப் பாடி ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூடத் திருகாது.

இந்த விறைப்பைத் தருபவை கூரை, தூண்கள், தரைத்தகட்டின் ஓரத்துப் பெட்டிச் சட்டங்கள், கதவு நிலை. ஒட்டிய முன் கண்ணாடிக்குக்கூட அதில் பங்குண்டு. டவருக்கு டவர் போடும் பாரின் பங்கு சின்னது. உண்மையிலேயே கூட்ட வேண்டுமென்றால் பந்தயக் கார்களில் வைப்பதுபோல் இரும்புக் குழாய்க் கூண்டு வெல்டிங் வைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு டவுனில் ரதவீதிக்குக் காய்கறி வாங்கப் போக முடியாது.

விறைப்பு கூடினால் என்ன நன்மை?

ஸ்பிரிங்கும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரும் தங்கள் வேலையைச் செய்ய ஓர் உறுதியான தளம் வேண்டும். தளமே நெளிந்தால் அதுவும் ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். அந்த ஸ்பிரிங்குக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. முன்னால் தடித்த ஸ்டெபிலைசர், பின்னால் மெல்லியது என்று பார்த்துப் பார்த்து அமைத்த சமன், தொய்ந்த பாடியில் அப்படியே கரைந்துபோகும். கேம்பரும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) டோவும் (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) பட்டறையில் வைத்த இடத்தில் நிற்காமல் ஓட்டத்தில் மாறிக்கொண்டிருக்கும். விறைப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை ஒரு கம்பியால் வாங்கிவிடலாம் என்பதில்தான்.

நீங்கள் அளந்து பார்த்தீர்களா?

பார்த்தேன். லேத் பட்டறையில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும் இரண்டு குழாய்கள் செய்யச் சொன்னேன். வெளிக்குழாயை ஒரு டவரிலும் உள்குழாயை மற்ற டவரிலும் பிடித்தேன். உள்குழாயில் வெளிக்குழாயின் வாயை ஒட்டி ஓர் இறுக்கமான ரப்பர் வளையம். டவர்கள் நெருங்கினால் வளையம் தள்ளப்படும், தள்ளிய இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்து இடைவெளியை அளந்தால் ஓட்டத்தில் அதிகபட்சம் எவ்வளவு நெருங்கின என்று தெரியும். பட்டறை அண்ணாச்சி, “தம்பி, கம்பி மாட்டாம கம்பி மாதிரி ஒண்ணை மாட்டிட்டு அலையுதீயளே” என்று சிரித்தார்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஒரு காலை ஓட்டினேன். வளைவு வளைவாக ஏறி இறங்கியும் வளையம் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. அடுத்த வாரம் ஊருக்குள், இடது சக்கரம் மட்டும் விழும்படி ஒரு பாழாய்ப்போன பள்ளம். அங்கே நகர்ந்தது. அதுவும் பெரிதாக இல்லை, நகக்கண் அளவு. ஒரு காரில் ஒருவன் வீட்டுச் சாமான் வைத்து அளந்தது இது. ஆய்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இருநூறு, முந்நூறு ரூபாயில் உங்கள் காரிலேயே செய்து பார்க்கலாம். வளையம் நன்றாக நகர்ந்தால் பார் வாங்குங்கள்.

மாட்டியதும் ஸ்டீயரிங் கூர்மையானது எனக்கே தெரிந்ததே?

எனக்கும் தெரிந்தது! மாட்டிய அன்று மாலை வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் ஏறும்போதே புது வண்டி மாதிரி இருந்தது. புதுச் செருப்பு போட்ட அன்று நடை மாறுவது இல்லையா, அதில் கொஞ்சம் உண்டு. மாட்டும்போது பட்டறையில் காற்று நிரப்பியிருப்பார்கள், தளர்ந்திருந்த மவுண்ட் நட்டுகளை இறுக்கியிருப்பார்கள். அதுவும் கணக்கில் வராது.

சந்தேகம் தீர மைத்துனரிடம் ஒரு வேலை கொடுத்தேன். நான் பார்க்காதபோது பாரின் ஒரு முனையைத் தளர்த்தியோ இறுக்கியோ வைத்து பானட்டை மூடிவிட வேண்டும். நான் ஒரே ரோட்டில் ஓட்டிவிட்டு எது என்று சொல்ல வேண்டும். எட்டு ஓட்டத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிப்போட்டாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும். மைத்துனர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கோட்பாட்டில், கெடுதல் ஏதாவது?

முன்பக்கம் மட்டும் விறைத்தால் வளைவில் முன் வெளிச் சக்கரத்துக்குப் பாரம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், மூக்கு வெளியே தள்ளும் குணம் ஒரு துளி கூடும். நம் முன்சக்கர இழுவைக் கார்களுக்கு அந்தக் குணம் ஏற்கெனவே உண்டு. ரோட்டில் நீங்கள் உணரும் அளவுக்கு அது வராது.

பானட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பெனி விட்டிருக்கும் இடைவெளி, அடிபடும் பாதசாரியின் தலைக்காகவும் விட்டது. அந்த இடத்தில் தடித்த இரும்பு ஓடுவது எனக்கு உறுத்தல்தான்.

ஆரல்வாய்மொழி, பணகுடி பக்கம் காற்றில் வண்டி தள்ளாடுகிறது. பார் போட்டால் நிற்குமா?

நிற்காது. ஆடிக் காற்றில் காற்றாலைகளே அந்தச் சுற்று சுற்றும்போது, உங்கள் வண்டியின் பக்கவாட்டுப் பரப்பில் அது மோதத்தான் செய்யும். டயர் காற்றையும் அலைன்மென்ட்டையும் பாருங்கள். வேகத்தைக் குறையுங்கள்.

நாலுவழிச்சாலையில் கங்கைகொண்டான், நாங்குநேரி என்று மட்டும்தான் ஓட்டம். வேண்டுமா?

வேண்டாம். ரோடு நூல் பிடித்த மாதிரி போகிறது.

வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்க?

கம்பி டவரிலிருந்து டவருக்கு நேராகப் போக வேண்டும். இன்ஜினைத் தாண்டுவதற்காக வில்லாக வளைந்து போனால், அமுக்கும்போது அந்த வளைவுதான் முதலில் நெளியும். அது பார் அல்ல, அலங்கரித்த ஸ்பிரிங். டவர் மேல் உட்காரும் தட்டைத்தான் அடுத்து பாருங்கள். கம்பி எவ்வளவு தடித்திருந்தாலும் தட்டு அப்பளமாக இருந்தால் பயனில்லை. தட்டும் கம்பியும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. நுனியில் ஒற்றை போல்ட்டில் சுழலும் வகைகள் உண்டு. அவை நேர் விசையை வாங்கும், ஆனால் அந்த போல்ட் துளையில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே போச்சு. நான் அளந்த மொத்த அசைவே அவ்வளவுதானே.

அலுமினியமா இரும்பா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. கார்பன் ஃபைபர் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியதை மட்டும் வாங்காதீர்கள்.

உள்ளூரில் ஒரு பட்டறையில் எனக்கு முதலில் தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். பானட்டை மூடியதும் உள்பக்கம் பெயின்ட் சுரண்டியது. அந்தக் குழாய் இப்போது மாடியில் கொடிக்கம்பம். துணி நன்றாகக் காய்கிறது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரட்டின் நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடாதீர்கள். அதுதான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. சுற்றிலும் மவுண்ட்டைப் பிடிக்கும் சின்ன நட்டுகளில்தான் பாரின் தட்டு உட்கார வேண்டும். சில கார்களில் அந்தச் சுற்று நட்டுகளே கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்கு நடு நட்டில் மாட்டும் பார் விற்றால் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

வண்டி நாலு சக்கரத்திலும் சமதரையில் நிற்கும்போது மாட்டுங்கள், ஜாக்கியில் தூக்கி வைத்து வேண்டாம். தட்டின் தடிமன் போக, நட்டு முழுவதும் ஏறுவதற்கு போல்ட் நீளம் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சில், வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். நடுவில் திருகி நீட்டும் வகையாக இருந்தால் ஆட்டம் எடுக்கும் வரை திருகினால் போதும். “நல்லா டைட் வச்சா ஹேண்ட்லிங் கூடும்” என்று டவர்களை விலக்கித் தள்ளுவதில் பயன் ஒன்றும் இல்லை, கேம்பர்தான் நகரும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒரு தடவை சரிபாருங்கள்.

முன்பக்கம் கடகட சத்தம் வருகிறது. பார் அடக்குமா?

அடக்காது. லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட். இந்த வரிசையில் பாருங்கள்.

அதே காசை வேறு எதில் போடுவீர்கள்?

டயரில். கண்ணை மூடிக்கொண்டு டயரில். பாரால் வரக்கூடிய மாற்றத்தைப் போலப் பல மடங்கு, தேய்ந்த டயரைக் கழற்றி நல்ல டயர் போடுவதில் வரும். டயர் நன்றாக இருந்தால் ஷாக். நம் வேகத்தடைகளையும் தாமிரபரணிப் பாலங்களின் இணைப்புகளையும் பல வருடம் தாண்டிய ஷாக் எண்ணெய் ஒழுகாவிட்டாலும் தளர்ந்துதான் இருக்கும். அப்புறம் ரப்பர் புஷ்கள். இங்கத்து வெயிலில் அவை வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர்கூட நகராத டவரைக் கட்டுவதற்கு ஏன் அவசரப்பட்டோம் என்று வெட்கம் வரும். இதெல்லாம் முடித்து அலைன்மென்ட்டும் பார்த்த பிறகும் கை அரித்தால், பார்.

பின்பக்கத்துக்கு?

ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம். பக்கவாட்டு விசை பீமின் முன்முனைப் புஷ்கள் வழியாகப் பாடிக்குப் போய்விடுகிறது. ஷாக் தலையைக் கட்டி என்ன செய்ய?

பொலேரோ, ஸ்கார்பியோ, தார்?

லேடர் சேஸிஸ் வண்டிகள், அதாவது ஏணி போன்ற தனிச் சட்டத்தின் மேல் பாடி உட்காருபவை. சஸ்பென்ஷன் பிடித்திருப்பது கீழே இருக்கும் சட்டத்தில். பானட்டுக்குள் கம்பி போடுவது அழகுக்குத்தான்.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் காரியிலோ உள்ள பந்தயத் தடத்தில் ஓட்ட, டிராக் நாளுக்குப் போகிறேன் என்றால்?

அங்கே கணக்கு மாறும். ஒட்டும் டயர், விறைத்த ஸ்பிரிங், மணிக்கணக்கில் வளைவு. டவருக்கு வரும் விசை ரோட்டில் வருவதைவிட எவ்வளவோ கூடுதல். மெக்ஃபெர்சன் கார், முக்கோணமாகச் சுவரைப் பிடிக்கும் பார் என்றால் நானும் போடுவேன். ஒவ்வொரு சுற்றிலும் கேம்பர் ஒரே மாதிரி நின்றால் டயர் தேய்வதைப் படித்து அமைப்பை மாற்ற முடியும்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ் சிக்கல் வருமா?

1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. பாடியை வெட்டுவது, வெல்டிங் வைப்பது, கூண்டு ஏற்றுவது எல்லாம் வம்பு. இருக்கும் நட்டிலேயே மாட்டி இருக்கும் நட்டிலேயே கழற்றும் பார் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள். வாரன்டி உள்ள வண்டி என்றால், ஸ்ட்ரட் மவுண்ட் போனதும் சர்வீஸ் சென்டர் கை காட்டுவது அந்தக் கம்பியைத்தான்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் காரில் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. நீல நிறம். ஏர் ஃபில்டர் மாற்ற ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டும். போன தடவை கழற்றி ஷெட் சுவரில் சாய்த்து வைத்தேன். திரும்ப மாட்ட மறந்து, இரண்டு மாதம் கழித்துத் தேங்காய் உரிக்கக் கம்பி தேடியபோதுதான் அது கண்ணில் பட்டது.